எஸ்தருக்கு வாங்கிய ஸ்பீக்கர்

பாட்டு ஆரம்பித்துப் பல்லவி முடிவதற்குள் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளி, செருப்பை மாட்டி, மாடிப்படி இறங்கி, ரோட்டைக் கடந்து எதிரே இருந்த டீக்கடை ஓரமாகப் போய் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டேன். பஸ் சத்தம், ஆட்டோ ஹாரன், டீ ஆற்றுகிறவரின் அதட்டல் எல்லாம் கேட்டது. பாட்டை மட்டும் காணோம். பத்தடி ஸ்பீக்கர் கடைப் பக்கமாக வந்து மறுபடியும் கேட்டேன். ஊஹூம்.

மாடி ஏறி உள்ளே வந்து தீர்ப்புச் சொன்னேன். “சவுண்டு பத்தலம்மா. ரோட்டுக்கே வரலியே!”

அந்தச் சென்னைக் கடையில் ஸ்பீக்கர் விற்கிற பெண்ணின் பெயர் நிஷா. மரியாதை தெரிந்த பெண். சிரிப்பை அடக்க ரொம்ப கஷ்டப்பட்டாள். “அங்கிள், வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் இந்த ரூமையே கட்டியிருக்கோம். சுவரு, கதவு, திரை எல்லாமே அதுக்குத்தான்.”

என் மனைவி எஸ்தர் அடக்கவெல்லாம் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “இந்தாளு இப்பிடித்தாம்மா. பாட்டப் போட்டுட்டு ஓடிப்பூடுவாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே பொயப்பு.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை.

எங்கே தேய்கிறதோ அதுவரை

மைக் செட்காரன் தன் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று கேட்க மாட்டான். பந்தலில் ஆம்ப்ளிஃபையரை வைத்து, மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, முதல் பாட்டைப் போட்டதும் நடக்க ஆரம்பித்துவிடுவான். தெருமுனை, களத்துமேடு, மதகு, ஏரிக்கரை என்று போய்க்கொண்டே இருப்பான். எங்கே பாட்டு தேய்ந்து காணாமல் போகிறதோ அங்கே நின்று திரும்பிப் பார்ப்பான். அதுதான் அவன் செட்டின் எல்லை. “உன் செட்டு ஏரிக்கரைக்கு அந்தாண்டயும் கேக்குதுப்பா” என்று நாலு பேர் சொல்லிவிட்டால், அடுத்த முகூர்த்தம் நமக்குத்தான்.

எனக்கு அந்த எல்லையின் மேல் கொஞ்சம் அதிகப்படியான ஆசை. நாங்கள் காலனிக்காரர்கள். உத்திரமேரூரிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் என்னை வளர்த்தார். நான் குழாய் கட்டிய கல்யாண வீடுகளில் பாதிக்கு மேல் நான் வாசற்படி தாண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையரைப் பந்தல்காலோரம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சாப்பாடு பொட்டலமாக வெளியே வரும்.

ஆனால் என் பாட்டை அவர்களால் வெளியே உட்காரவைக்க முடியுமா? அது கூடம், சமையல்கட்டு, சாமி ரூம் என்று யாரையும் கேட்காமல் உள்ளே போகும். அதை நினைத்து வால்யூமை இன்னொரு திருகு திருகுவேன். அதட்ட வேண்டுமென்றால் அவர்கள்தான் எழுந்து வெளியே என்னிடம் வரவேண்டும். அதிலே எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அப்பா எங்கேயோ ஒரு கழனியில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, பாட்டு காற்றில் வந்ததும், கூட நடவு நடுகிறவர்களிடம் “நம்ம பையன் செட்டு” என்பாராம். என்னிடம் நேரில் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த ஒரு திருகுக்குத்தான் நான் காதைக் கொடுத்தேன். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என்னென்னவோ பீற்றிக்கொண்டேன். இதை மட்டும் மறைத்துவிட்டேன். என் இடது காது கேட்காது.

ஜெனரேட்டருக்கு இடப்பக்கம் காட்டியே எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். போதாததற்கு ஒருமுறை புளியமரத்து ஏணியில் நின்று குழாயின் வாயோரம் தலையை வைத்து ஆணி முடுக்கிக்கொண்டிருந்தபோது, கீழே யாரோ செட்டை ஆன் செய்துவிட்டார்கள். மூன்று நாள் காதில் வண்டு கத்தியது. அப்புறம் வண்டும் போனது, மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் தெரிந்துவிடுமே! செவிட்டு மைக் செட்காரனை எவன் கூப்பிடுவான்? கண் தெரியாதவனிடம் லாரியைக் கொடுத்த கதையாகிவிடும். போனை வலது காதில் வைத்துக்கொண்டேன். பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் தொழிலும் எனக்குச் சாதகமாக இருந்தது. எட்டு குழாய் கட்டினாலும் எட்டும் ஒரே சத்தத்தைத்தான் போடும். இடம் வலம் என்கிற பேச்சே கிடையாது. ஒரு காதே தாராளம்.

யாருக்கும் தெரியாது. எஸ்தருக்கும் தெரியாது.

மரத்தில் தொங்கிய பெயர்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக எஸ்தரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் காலனியில் முப்பது வயசுக்குக் கீழே இருக்கிற யாராக இருந்தாலும் சரி, சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அங்கன்வாடி டீச்சர். இந்த வருஷம்தான் ரிட்டயர் ஆனாள்.

கல்யாணம் ஆன புதிதில் ஆசை ஆசையாக என் செட்டுக்கு “எஸ்தர் சவுண்ட் சர்வீஸ்” என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு குழாயின் வாய் விளிம்பிலும் சிவப்புப் பெயிண்டில் அவள் பெயரை நானே எழுதினேன். கோயில் திருவிழா, மாதா தேர், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றுக்கும் அவள் பெயர் மரத்தில் தொங்கும்.

ரிட்டயர் ஆன மறுநாள் காலையில், நாஷ்டாவுக்கு இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஊருக்கெல்லாம் பாட்டு போட்ட. என் பேர எய்தி மரத்துல தொங்கவுட்ட. நம்ம வூட்ல குந்திக்கினு நான் ஒரு பாட்ட முய்சா கேட்டுக்கிறனா? சொல்லு.”

நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பாட்டு என்றால் அது ரிப்பேர் பார்த்த ஆம்ப்ளிஃபையரின் பாட்டு. வேலை செய்கிறது என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திவிடுவேன். எந்தப் பாட்டுக்கும் இரண்டாவது சரணம் எங்கள் வீட்டில் கேட்டதே கிடையாது.

மகள் ஏற்கெனவே உள்ளங்கை அகலத்தில் ஒரு புளூடூத் டப்பா வாங்கி அனுப்பியிருந்தாள். எஸ்தர் நாலு நாள் அதில் கேட்டுப்பார்த்தாள். “டப்பாக்குள்ள ஆள அடச்சி வெச்ச மாரி கீது” என்று பீரோ மேல் வைத்துவிட்டாள். உத்திரமேரூரில் ஒரு பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு, தரையிலே நிற்கிற ஜோடி ஸ்பீக்கரை அவள் பார்த்திருக்கிறாள். கடையில் அதை டவர் ஸ்பீக்கர் என்கிறார்கள். அதுதான் வேண்டும் என்றாள்.

“பென்ஷன் பணம் வந்துகீது. நான் வாங்கறேன். எது நல்லதுன்னு நீ கேட்டுச் சொல்லு. காசு என்னுது, காது உன்னுது.”

வாழ்க்கையில் தனக்கென்று அவள் கேட்ட முதல் பொருள். அதை என் காதை நம்பிக் கேட்கிறாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அதுக்கென்ன, பாத்துடலாம்” என்று மீசையைத் தடவினேன்.

பூசணிக்காய் கணக்கு

கடையில் மூன்று ஜோடி எடுத்து வைத்திருந்தாள் நிஷா. பெரியது, நடுத்தரம், சின்னது. மூன்றும் நெட்டையாக, கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு நின்றன.

நான் முதலில் செய்த காரியம், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்ததுதான். எங்கள் தொழிலில் ஸ்பீக்கர் வாங்குவதும் பூசணிக்காய் வாங்குவதும் ஒன்று. கனம் இருந்தால் நல்லது. உள்ளே காந்தம் பெரிது என்று அர்த்தம். பெரிய ஜோடி நன்றாகக் கனத்தது. “இது எத்தினி வாட்ஸ்?” என்றேன். அதிலும் அதுதான் பெரிது. என் மனசு அங்கேயே முடிவு செய்துவிட்டது.

நிஷா வாட்ஸைப் பற்றிப் பேசவே இல்லை. “உங்க ஹால் எத்தனை அடி அங்கிள்?” என்றாள்.

“பத்துக்குப் பதினாலு.”

“அப்ப பெருசு வேணாம். அந்த ரூம்ல பேஸ் சவுண்டு மூலைக்கு மூலை முட்டி கும்முனு நிக்கும். பாடறது என்ன வார்த்தைன்னே புரியாது. எதை வாங்கினாலும் சுவத்தோட ஒட்டி வெக்காதீங்க, பின்னாடி ஒரு ஒன்றரை அடி விடுங்க. ஆம்ப்ளிஃபையரும் சின்னதே போதும். ஒயருல மட்டும் போய் காசக் கொட்டாதீங்க. சாதாரண ஒயர் போதும்.”

விற்கிறவளே வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் கொஞ்சம் மரியாதை வரும். எனக்கும் வந்தது. ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே! நானும் ஆயிரம் பந்தல் பார்த்தவன்.

மூன்றிலும் ஒரே பாட்டைப் போடச் சொன்னோம். எஸ்தர் பென் டிரைவில் கொண்டுவந்திருந்த பழைய பாட்டு. நான் பல நூறு முறை மரத்தில் ஏற்றிய பாட்டுத்தான். பெரிய ஜோடியில் போட்டபோது தபலா என் நெஞ்சில் வந்து இடித்தது. காதில் பாதி போனவனுக்கு நெஞ்சுதான் சாட்சி. “இதுதான்” என்றேன்.

நடுத்தர ஜோடியில் போட்டபோது எஸ்தர் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

“அடியில ஒரு புல்லாங்குயலு கீதுய்யா! அந்தம்மா பாடிக்கினே கீறப்ப, இந்தாண்ட ஓரமா ஒருத்தன் ஊதிக்கினே வரான். இத்தினி வருசமா இது எங்க இருந்துச்சி?”

குழாய் ஸ்பீக்கர் மேல் சத்தத்தையும் கீழ் சத்தத்தையும் தின்றுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும்தான் துப்பும். நான் ஊருக்குக் கொடுத்ததெல்லாம் எலும்புதான், கறியே இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனால் அந்தப் புல்லாங்குழல் எனக்குக் கேட்கவே இல்லை. “ஆமா, ஆமா” என்று தலையாட்டினேன்.

எஸ்தர் அதே வேகத்தில் சுருங்கிக்கொண்டாள். “எனக்கு இன்னா தெரியும்? நீ பெருசுன்னு சொன்னா பெருச வாங்கிக்கலாம்.”

கையில் இருக்கிற பணமெல்லாம் போட்டு, அவள் தனக்குப் பிடிக்காத ஒன்றை எனக்காக வாங்கப் போகிறாள். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒயர் நிஷா கையில்

நிஷாதான் விடவில்லை. “அங்கிள், நடு ஜோடிய ஒரு தடவ ஒழுங்கா உக்காந்து கேளுங்க. எழுந்து ஓடக் கூடாது” என்று என்னை நட்டநடுவில் இருந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். “கண்ண மூடிக்கோங்க. பாடறவங்க ரெண்டு பெட்டிக்கும் நடுவுல நிக்கற மாதிரி இருக்கும். இருக்கா?”

கண்ணை மூடினேன். பாடுகிற அம்மா நடுவில் நிற்கவில்லை. எனக்கு வலப்பக்கம், ஓரமாக நின்றார். தபலாவும் அங்கேயே. எல்லோரும் ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

எத்தனை வருஷ அனுபவம்! இது என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாதா?

“லெஃப்ட் பெட்டி அவுட்டும்மா” என்றேன், கண்ணைத் திறக்காமலே. “ஒயர் வுட்டிருக்கும் பாரு. ரைட்டு மட்டுந்தான் பாடுது.”

நிஷா போய்ப் பார்த்தாள். “நல்லாதானே இருக்கு அங்கிள்.”

“அட, இன்னாம்மா நீ! முப்பத்தஞ்சு வருசமா இதான் தொழிலு. அவுட்டுன்னா அவுட்டுதான்.”

அவள் ஏதோ செய்தாள். பாட்டு ஒரு நொடி நின்று மறுபடியும் வந்தது. “இப்ப எந்தப் பெட்டி பாடுது அங்கிள்?”

“இப்பவும் இதான்” என்று வலப்பக்கம் கையை நீட்டிக் காட்டிக் கண்ணைத் திறந்தேன்.

நான் காட்டிய பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிஷா நின்றாள். அந்தப் பெட்டியின் ஒயர் அவள் கையில் இருந்தது. கழற்றி வைத்திருந்தாள். பாடிக்கொண்டிருந்தது இடது பெட்டி மட்டும்தான்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், தன் மேல்தான் தப்பு என்பதுபோல ஒயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எஸ்தர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். அது இன்னும் நீட்டியபடியே இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

எழுந்து வந்து என் இடப்பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அவள் மூச்சுக்காற்று காதில் பட்டது. வார்த்தை படவில்லை.

நிமிர்ந்து, “நாங்க இன்னொரு நாளு வரோம்மா” என்று நிஷாவிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில்

மின்சார ரயிலில் செங்கல்பட்டு வரை எதிர் எதிரே உட்கார்ந்து வந்தோம். தாம்பரத்தில் வேர்க்கடலை வாங்கி நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை.

உத்திரமேரூர் பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்ததும் என் வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

“எத்தினி வருசமா?”

சொன்னேன். ஏணி, புளியமரம், வண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே தெரிந்தால் செட்டுக்கு ஆர்டர் வராது என்று பயந்ததையும் சொன்னேன்.

“வெளிய தெரிஞ்சா வராது. வூட்ல தெரிஞ்சா?”

உண்மையான பதில் வெட்கம்தான். அவள் பெயரை எழுதிய செட்டுக்கு அவள் புருஷன் பாதிக் காதோடு உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்கிற வெட்கம்.

அவள் விரல் மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தாள். “மொபெட்டுல பின்னாடி குந்திக்கினு எந்தப் பக்கமா பேசுவேன்? இந்த லெஃப்ட்டுப் பக்கம். கட்டில்ல எந்தப் பக்கம் படுக்கிறேன்? அதே பக்கம். கோயில்ல பக்கத்துல நின்னா? அதுவும் அதே பக்கம்.” கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில்.

“கொஞ்சம் கொஞ்சம் கேக்கும் எஸ்தரு. அதான் ம்ம், ம்ம்னுக்கினு...”

“பொய் சொல்லாத. நீ ம்ம் கொட்டாத நாளுதான் ஜாஸ்தி. திமிருன்னு நெனச்சேன். பொண்டாட்டி பேச்சுன்னா எளக்காரம்னு நெனச்சேன். நெனச்சி நெனச்சி, அப்பறம் அதுவே பயகிப்போச்சி.”

பஸ் கிளம்பியது. கண்டக்டர் வந்தார். டிக்கெட் வாங்கினாள். டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

“சூப்பர்வைசர் லிஸ்ட்ல என் பேரு வந்துச்சி. உனக்குத் தெரியுமா?”

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களெல்லாம் சூப்பர்வைசர் ஆகி ஜீப்பில் வந்து இறங்கியபோது, ‘சிபாரிசு இருக்கிறவனுக்குத்தான் காலம்’ என்று அவளுக்காக நான் ஆபீசையே திட்டித் தீர்த்திருக்கிறேன். அவள் பதில் சொல்லாமல் பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பாள்.

“வேற பிளாக்ல போஸ்டிங்கு. வாரம் ஒருவாட்டிதான் வூட்டுக்கு வரலாம். சாலவாக்கம் ரோட்ல வண்டில போய்க்கினே உன்ன கேட்டேன். போவட்டுமான்னு. நீ வாயத் தொறக்கல. திரும்ப கேட்டேன். வண்டிய ஓட்டிக்கினே இருந்த. சரி, இந்த மனுசனுக்கு இஷ்டமில்ல, வாய்விட்டுச் சொல்ல மனசு வரலன்னு நெனச்சிக்கினு, மறுநாளு ஆபீசுக்குப் போயி வேணாம்னு எய்திக் குடுத்துட்டேன்.”

சன்னலுக்கு வெளியே அறுத்துப்போட்ட வயல்கள் ஓடின. எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் நாலு பேர் தெரிந்தவர்கள். நான் குனிந்துகொண்டேன். எஸ்தர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொஞ்சம் கொட்டினாள். தானும் தின்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். பசி.

தெரியாத வித்தியாசம்

கோபம் வந்தால் பேசாமல் இருக்கிற ரகமில்லை எஸ்தர். அடுத்த வாரம் முழுக்க என் வலது காதுக்கு ஓய்வே கிடையாது. செங்கல்பட்டில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துப்போனாள். நரம்பு போய்விட்டது, இனி இருக்கிற காதையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். செட்டில் வேலை செய்கிற இரண்டு பேரையும் கூப்பிட்டு அவளே விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதான் பக்கத்துல நின்னு கத்தினாலும் திரும்பமாட்டேன்றீங்களாண்ணே” என்றான் ஒருவன். அவ்வளவுதான். நான் பயந்த மாதிரி வானம் இடிந்து விழவில்லை. அடுத்த மாதக் காதுகுத்துக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

மறுபடியும் சென்னைக்குப் போனோம். இந்த முறை நடு நாற்காலியில் எஸ்தர் போய் உட்கார்ந்தாள். என்னைக் கேட்கவில்லை. நான் சுவரோரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் கேட்ட அழகை நான் சொல்லியாக வேண்டும். அங்கன்வாடியில் புதுசாக வந்த பிள்ளையைப் பார்ப்பாளே, அப்படித் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் கேட்டாள். ஒரே பாட்டை மூன்று ஜோடியிலும் மூன்று மூன்று முறை போடச் சொன்னாள். பெரிய ஜோடியைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். “இது பாடல. மிரட்டுது.”

நடுத்தரத்துக்கும் சின்னதுக்கும்தான் நேரம் எடுத்துக்கொண்டாள். மாற்றி மாற்றிக் கேட்டாள். ஸ்பீக்கர் எது என்று தனக்குச் சொல்லாமல் போடும்படி நிஷாவிடம் சொன்னாள். இந்த யோசனை எனக்கு ஒரு நாளும் தோன்றியிருக்காது. ஐந்து முறை கேட்டாள். மூன்று முறை தப்பாகச் சொன்னாள். அவளே சிரித்துவிட்டாள்.

“புல்லாங்குயலு ரெண்டுலயும் கீது. எனக்கு வித்தியாசம் தெரில. தெரியாத வித்தியாசத்துக்கு எதுக்குக் காசு? சின்னதயே குடும்மா.”

நிஷா கை தட்டினாள். “ஆன்ட்டி, பத்து வருஷமா ஸ்பீக்கர் வாங்கறவங்களுக்கே இந்தத் தெளிவு இல்ல.”

மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். என் காதை நம்பியிருந்தால் அதைப்போல இரண்டு பங்குக்கு மேல் கொடுத்து ஒரு மிரட்டலை வாங்கி வந்திருப்போம். இதைப் படித்துவிட்டு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு என் அனுபவம் இவ்வளவுதான்: கனத்தையும் வாட்ஸையும் விடுங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். தினமும் உட்கார்ந்து கேட்கப் போகிறவர் யாரோ, அவரே கேட்கட்டும்.

கதவைச் சாத்திவிட்டு

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பிரித்து, ஒயர் முடுக்கி, நானே நிறுத்தினேன். என் தொழில் அல்லவா! சமையல்கட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்த எஸ்தர், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இன்னாய்யா இது?”

“இன்னா?”

“ரெண்டும் தெருவப் பாத்துக்கினு நிக்குதே!”

பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கரையும் வாசலைப் பார்த்து, ஊர்வலத்துக்குத் தயாராக நிறுத்தியிருந்தேன். கை தன்பாட்டுக்குச் செய்த வேலை. அவள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காக இன்னும் நாலு ஜோடியைத் தெருவைப் பார்த்து நிறுத்தவும் நான் தயார்.

வீட்டுக்குள் பார்த்துத் திருப்பி வைத்தோம். நிஷா சொன்னபடி சுவரிலிருந்து ஒன்றரை அடி. இரண்டு பெட்டிக்கும் இருக்கிற இடைவெளி அளவுக்கே தள்ளி நாற்காலி. இப்படிப்பட்ட ஸ்பீக்கரில் ஒரு கஞ்சத்தனம் உண்டு. பாடுகிறவர் நடுவில் நிற்பது ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் தெரியும். வீட்டுக்கு ஒருவருக்குத்தான் அந்த யோகம். எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். ஆகவே சண்டையே இல்லாமல் அந்த நாற்காலி எஸ்தருடையது. நான் அவளுக்கு இடப்பக்கம் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் அவள் என் வலது காதுக்கு வாகாக இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்தினோம். பாட்டைப் போட்டாள். நான் எழுந்து போகவில்லை. கால் துறுதுறுத்தது உண்மைதான். தெருவில் ஒருவருக்கும் கேட்டிருக்காது என்பது மனசுக்குள் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. முதல் சரணம் முடிந்து, இரண்டாவது சரணம் வந்தது. எஸ்தர் கண்ணை மூடியிருந்தாள். புல்லாங்குழல் வருகிற இடத்தில் அவள் விரல் நாற்காலிக் கையில் தட்டியது. அந்த விரலைப் பார்த்துத்தான் எனக்குப் புல்லாங்குழல் தெரிந்தது. எனக்கு இவளை எவ்வளவு பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை.

பாட்டு முடிந்தது. அடுத்தது ஆரம்பிப்பதற்குள், கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு வண்டில போறப்ப உனுக்குக் காது கேட்டிருந்தா, இன்னா சொல்லியிருப்ப?”

‘போன்னு சொல்லியிருப்பேன்’ என்பதுதான் வாயில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் பழியெல்லாம் காதின் மேல் போய்விடும். நான் நல்லவனாகிவிடலாம். ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தேன். திருவிழா சீசன். செட்டில் நாலு பேருக்கு அவள்தான் சோறாக்கினாள். மகள் பள்ளிக்கூடத்தில். நானோ வாரத்தில் ஐந்து நாள் பந்தலில். என்னை எனக்குத் தெரியாதா?

“தெரில எஸ்தரு. வேணாம்னுகூட சொல்லியிருப்பேன்.”

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“சொல்லியிருக்கலாம்ல” என்றாள். “சண்ட போட்டுட்டு போயிருப்பேன்.”